கெடு தள்ளிப்போனது, நட்டம் யார் தலையில்?

நாடு முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் மோடி அறிவித்தது 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு. அதற்கு முதல் நாளே, யாரும் மனுப் போடாமல், உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து ஓர் உத்தரவு பிறப்பித்திருந்தது. மார்ச் 15 தொடங்கி மறு உத்தரவு வரும்வரை வழக்கு, மேல்முறையீடு, மனு எதற்கும் காலவரையறை ஓடாது என்பதே அந்த உத்தரவு. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டு, செக் திரும்பி வந்தால் வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் என்று வணிகர்களின் உரிமைகள் எல்லாம் ஏதோ ஒரு கெடுவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. கெடு தப்பினால் உரிமையும் போயிற்று. பேருந்து ஓடாத, நீதிமன்றம் திறக்காத நாட்டில் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருப்பது நியாயமில்லை என்று நீதிபதிகள் கண்டார்கள்.

தற்காலிகம் என்று வந்த இந்த ஏற்பாடு நெடுநாள் நீடித்தது. 2021 மார்ச்சில் நீதிமன்றம் இதை முடித்துவைத்தது. இரண்டாம் அலை வந்ததும் ஏப்ரல் 27 அன்று மீண்டும் உயிர் கொடுத்தது. செப்டம்பரில் மறுபடி முடித்தது. ஒமைக்ரான் பரவியபோது 2022 ஜனவரி 10 அன்று இறுதியாக ஒரு கணக்குச் சொன்னது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள காலம் முழுவதும் கணக்கில் சேராது, கெடு அதற்குள் முடிந்துபோனவர்களுக்கு மார்ச் 1 முதல் 90 நாள் அவகாசம் உண்டு என்றது. செக் வழக்குகளின் கெடுவும் இதில் அடங்கும் என்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தியாவில் சட்டமும் வணிகமும் தம்மை எப்படி மாற்றிக்கொண்டன என்று பார்க்கப் புகுந்தால், இந்த உத்தரவின் சாயலே எங்கும் தென்படுகிறது. கடன் தவணை தள்ளிப்போனது. வரிக்கணக்குத் தாக்கல் தள்ளிப்போனது. திவால் வழக்கு தள்ளிப்போனது. கட்டடம் கட்டி முடிக்க வேண்டிய நாளும் தள்ளிப்போனது. அவகாசம் கொடுப்பதில் அரசும் நீதிமன்றமும் தாராளமாகவே இருந்தன. கடை மூடிக் கிடந்த மாதங்களின் நட்டத்தை யார், எவ்வளவு தாங்குவது என்ற கேள்விக்குத்தான் தெளிவான பதிலை யாரும் எழுதி வைக்கவில்லை.

அரசின் கையில் அன்று இருந்தவை இரண்டு சட்டங்கள். ஒன்று, பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கிலேயர் அவசரமாகக் கொண்டுவந்த 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம். நாலைந்து பிரிவுகளே கொண்டது. மற்றொன்று, சுனாமிக்குப் பின் வந்த 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம். புயலையும் வெள்ளத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இச்சட்டத்தின் கீழ்தான் மத்திய உள்துறை அமைச்சகம் ஊரடங்கு ஆணைகளைப் பிறப்பித்தது. வாடகை, சம்பளம், ஒப்பந்தம் ஆகியவற்றை நட்டக் காலத்தில் எப்படிப் பங்கிடுவது என்பதற்கான விதி இரண்டிலும் இல்லை.

எனவே எல்லாமே ஆணைகளாகவும் சுற்றறிக்கைகளாகவும் வந்தன. அத்தியாவசியம் எது என்பதே சில நாளுக்கு ஒருமுறை மாறியது. மார்ச் 24 ஆணையில் இடம்பெறாத விவசாய வேலைகளுக்கு 27-ஆம் தேதி விலக்கு வந்தது. அத்தியாவசியம், அல்லாதது என்ற பாகுபாடின்றி எல்லாச் சரக்கும் லாரியில் போகலாம் என்று 29-ஆம் தேதி தெளிவுபடுத்தினார்கள். ஏப்ரல் 15 அன்று இணைய வணிகத்துக்குப் பொதுவாகக் கொடுத்த அனுமதியை, 19-ஆம் தேதி அத்தியாவசியப் பொருளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். காலையில் கடையைத் திறக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளத் தெருமுனைக் கடைக்காரர் தொலைக்காட்சிச் செய்தியை நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

சென்னையில் இதன் உச்சம் கோயம்பேடு. நகரத்துக்கே காய்கறி தரும் சந்தை தொற்றின் மையமாக மாறி, மே 5 அன்று மூடப்பட்டது. சில நாளில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை எழுந்தது. மழை பெய்தால் சேறு, லாரி நிறுத்த நெருக்கடி, அழுகிப்போகும் சரக்கு என்று வியாபாரிகள் மாதக்கணக்கில் அங்கே அல்லாடினார்கள். கோயம்பேடு மறுபடி திறந்தது செப்டம்பர் 28 அன்றுதான். சந்தையை இடம் மாற்றும் அதிகாரம் சட்டத்தில் இருந்தது. இடமாற்றத்தால் வந்த இழப்பு அவரவர் பாடாயிற்று.

வாடகைதான் பலருக்கு முதல் அடி. மூடிய கடைக்கு வாடகை கொடுக்க வேண்டுமா? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. படித்த குத்தகைதாரர்கள் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். ஆனால் குத்தகை என்பது முடிந்துபோன பரிமாற்றம், நிறைவேற்ற வேண்டிய ஒப்பந்தம் அல்ல, அதற்கு 56 பொருந்தாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நிலைப்பாடு. டெல்லி கான் மார்க்கெட் கடை ஒன்றின் வழக்கில் 2020 மே 21 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அதையே உறுதிசெய்தது. வாடகையை நிறுத்தி வைக்க முடியாது, கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டுமானால் தரலாம் என்றது. இங்கும் அவகாசம்தான் கிடைத்தது.

பெரிய ஒப்பந்தங்களில் கைமீறிய நிகழ்வு என்றொரு பிரிவு இருக்கும். வழக்கறிஞர்கள் ஃபோர்ஸ் மெஜூர் என்பார்கள். சீனாவிலிருந்து சரக்கு வரத் தடைப்பட்டபோது, 2020 பிப்ரவரி 19 அன்றே மத்திய நிதி அமைச்சகம் அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் கொரோனாவை இயற்கைப் பேரிடராகக் கொள்ளலாம் என்று குறிப்பாணை அனுப்பிவிட்டது. அரசோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அது கைகொடுத்தது. தனியாருக்கிடையே நிலைமை வேறு. தென்கொரிய எஃகை இறக்குமதி செய்தவர்கள், ஊரடங்கால் ஒப்பந்தம் முறிந்துவிட்டது, கடன் உறுதிக் கடிதத்தின் பணத்தை வங்கி கொடுக்காமல் தடுங்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். ஏப்ரல் 8 அன்று நீதிமன்றம் மறுத்தது. எஃகு விநியோகம் அத்தியாவசியப் பட்டியலில் இருக்கிறது, ஊரடங்கு சில காலமே நீடிக்கும் என்பவை அது சொன்ன காரணங்களில் அடங்கும். மே 29 அன்று வேதாந்தா, ஹாலிபர்ட்டன் நிறுவனங்களின் ராஜஸ்தான் எண்ணெய்க் கிணற்று வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. 2019 செப்டம்பர் முதலே வேலையை இழுத்தடித்தவர், 2020 மார்ச்சில் வந்த நோயைக் காட்டித் தப்பிக்க இயலாது என்றது. இந்தத் தீர்ப்புகளில் குறை காண முடியாது. ஒவ்வொரு வழக்காகப் பார்த்துத் தீர்ப்பதே நீதிமன்றத்தின் வேலை. லட்சக்கணக்கான கடைகளின் வாடகைச் சிக்கல் அப்படித் தீரக்கூடியதல்ல என்பதுதான் சங்கடம்.

சிங்கப்பூர் வேறு வழி கண்டது. 2020 ஏப்ரல் 7 அன்றே அந்நாட்டு நாடாளுமன்றம் கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. கடை வாடகை, கட்டுமானம், திருமண மண்டபம் போன்ற நிகழ்ச்சி ஏற்பாடு, சுற்றுலா ஆகிய ஒப்பந்தங்களில், தொற்றால் கடமையை நிறைவேற்ற இயலாதவர்மீது சில மாதங்களுக்கு வழக்குத் தொடுக்கவோ வைப்புத்தொகையைப் பிடித்துக்கொள்ளவோ கூடாது. தகராறு வந்தால் மதிப்பீட்டாளர் ஒருவர் தீர்ப்பார். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஜூனில் அதே சட்டத்தைத் திருத்தி, நட்டத்தையும் பங்கு போட்டார்கள். தகுதி பெற்ற சிறு சில்லறைக் கடைகளுக்கு நான்கு மாத வாடகை நிவாரணம். அதில் ஏறக்குறைய இரண்டு மாதத்தை அரசு ஏற்றது, மீதி இரண்டு மாதத்தைக் கட்டட உரிமையாளர் ஏற்றார். சின்னஞ்சிறு நாடு, பதிவேடுகள் ஒழுங்காக உள்ள நாடு என்பதால் அங்கே இது எளிது என்பது உண்மை. ஆனாலும் பங்கீட்டைச் சட்டமாக எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்ற சட்டம் 2019 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. நடப்பில் ஏராளமான கடைகள் வாய்ப்பேச்சிலும் அட்வான்ஸ் தொகையிலும் ஓடுகின்றன. காகிதம் இல்லாதவருக்குக் கைமீறிய நிகழ்வுப் பிரிவும் இல்லை, வழக்கும் இல்லை. உரிமையாளர் நல்ல மனதோடு பாதி வாடகை வாங்கிக்கொண்டால் உண்டு. இல்லையென்றால் அட்வான்ஸ் கழிந்து, கடை காலியாகும்.

இனி சம்பளம். 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம், ஊரடங்கில் மூடிக்கிடக்கும் நிறுவனங்களும் பிடித்தமின்றி முழுச் சம்பளம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. இழப்பு யாருடையது என்ற கேள்விக்கு மத்திய அரசு நேரடியாகப் பதில் சொன்ன அரிய தருணம் அது. பதில், முழுவதும் முதலாளியுடையது. பிரிட்டனில் வேலையின்றி வீட்டில் இருந்தவர்களின் சம்பளத்தில் 80 விழுக்காட்டை அரசே ஒரு வரம்புக்குள் ஏற்றது. இங்கே அரசு தன் பங்கைச் சொல்லாமல் ஆணையை மட்டும் போட்டது. வருமானமே இல்லாத சிறு தொழிற்கூடங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. மே மாத நடுவில் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. ஜூன் 12 அன்று நீதிமன்றம், சம்பளம் தராதவர்மீது கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. சங்கம் இருக்கும் ஆலையில் பேச்சுவார்த்தை நடக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவரும் ஒப்பந்தத் தொழிலாளியும் யாரோடு பேசுவார்கள்? மார்ச் இறுதியிலேயே அவர்களில் பலர் நெடுஞ்சாலையில் ஊர் நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களின் துயரை உச்ச நீதிமன்றம் தாமாக எடுத்து விசாரித்தது மே 26 அன்று, ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதம் கழித்து.

மாநிலங்கள் சில, இழப்பை நேராகத் தொழிலாளியின் பக்கம் தள்ளப் பார்த்தன. குஜராத் அரசு 2020 ஏப்ரல் 17 அன்று, தொழிற்சாலைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைக் காட்டி, நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தேவையில்லை என்று அறிவித்தது. அந்தப் பிரிவு பொது நெருக்கடிக் காலத்துக்கானது. போர், அந்நியப் படையெடுப்பு, உள்நாட்டுக் கலவரம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வருவதையே சட்டம் அங்கே பொது நெருக்கடி என்றது. தொழிற்சங்கங்கள் தொடுத்த வழக்கில் அக்டோபர் 1 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அந்த அறிவிப்பை ரத்து செய்தது. பெருந்தொற்று பொருளாதாரத்தை முடக்கியது உண்மையே, ஆனால் மீட்சியின் பாரத்தைத் தொழிலாளியின் முதுகில் மட்டும் ஏற்ற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த மாதங்களுக்கான கூடுதல் நேரக் கூலியையும் கொடுக்கச் சொன்னது. இந்தக் காலத்தில் வந்த தீர்ப்புகளில் மிகத் தெளிவானது இதுதான் எனலாம். 12 மணி நேர ஆசை அதோடு அடங்கவில்லை. தொற்று ஓய்ந்த பின், 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் நெகிழ்வான வேலைநேரத்துக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது; எதிர்ப்பு வலுத்ததும் மே 1 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது.

நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் பேசியது தவணை ஒத்திவைப்பைப் பற்றி. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி தந்து, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. சலுகை என்று எண்ணியவர்களுக்குக் கணக்குப் பார்த்தபோது அதிர்ச்சி. தவணைதான் நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. 15 ஆண்டு மீதமுள்ள 30 லட்ச ரூபாய் வீட்டுக் கடனில் மூன்று மாதம் தள்ளிவைத்தால், கூடுதல் வட்டி சுமார் 2.34 லட்சம், அதாவது எட்டுத் தவணைக்குச் சமம் என்று ஸ்டேட் வங்கியே விளக்கம் வெளியிட்டது. ஆக்ராவைச் சேர்ந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடக்கும்போதே, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே தருவதாக அக்டோபரில் அறிவித்தது. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பு, கடன் தொகை எதுவானாலும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி இல்லை என்றது. வட்டியை முழுவதும் தள்ளுபடி செய்யும் கோரிக்கையை ஏற்கவில்லை. வட்டி வங்கியில் பணம் போட்டு வைத்திருக்கும் முதியவருக்கும் போக வேண்டியது என்பதால் அந்த நிலைப்பாட்டில் நியாயம் உண்டு. கடைக்காரர் ஒருவர் போட்ட வழக்கு நாட்டின் கடன்காரர் அனைவருக்கும் பயன் தந்தது நினைவில் வைக்கத்தக்கது.

திவால் சட்டத்தில் நடந்தது பலர் கண்ணில் படவில்லை. முன்பு 1 லட்ச ரூபாய் பாக்கிக்கே ஒரு கம்பெனியைத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். 2020 மார்ச் 24 அன்று அந்த வரம்பு ஒரே அடியாக 1 கோடியானது. ஜூன் 5 அன்று வந்த அவசரச் சட்டம், மார்ச் 25 முதல் ஏற்படும் தவணைத் தவறுதலுக்காக யாரும் எப்போதுமே திவால் மனு போட முடியாது என்றது. ஆறு மாதத்துக்கு என்று தொடங்கி, 2021 மார்ச் 24 வரை அது நீண்டது. சிறு கம்பெனிகளைக் காப்பாற்றும் நோக்கம் நல்லது. ஆனால் சிறு தொழில்முனைவோர் கடன்பட்டவர் மட்டுமல்லர், கடன் கொடுத்தவரும்கூட. பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுத்துவிட்டு 20 லட்சம் பாக்கிக்காகக் காத்திருக்கும் கோவைப் பட்டறைக்காரரின் கையிலிருந்த வலுவான ஆயுதம் இதனால் போயிற்று. ஊரடங்கு போன பிறகும் 1 கோடி வரம்பு போகவில்லை. 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் அதைக் கொண்டு பணம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தொழில்களுக்கு வந்த உதவிகளில் பெரிது, 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 விழுக்காடு வரை, புது அடமானம் இல்லாமல், அரசின் முழு உத்தரவாதத்தோடு கடன். ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவருக்குத்தான் இது. வங்கி வாசலே மிதிக்காத தொழிற்கூடத்துக்கு 20 விழுக்காடு என்றால் எதில் 20 விழுக்காடு? தெருவோர வியாபாரிகளுக்கு ஜூன் 1 முதல் 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது. மானியமாக அன்றி, இதுவும் கடனாகவே வந்தது.

தொழில்களோ, யாருக்கும் காத்திராமல் தாமே தம்மை மாற்றிக்கொண்டன. வெளிநாட்டு பிராண்டுகள் ஆர்டரை ரத்து செய்த நிலையில், திருப்பூர் பனியன் கம்பெனிகள் பல முகக்கவசத்துக்கும் மருத்துவப் பாதுகாப்பு உடைக்கும் மாறின. பாதுகாப்பு உடை தைப்பது பனியன் தைப்பது போலன்று. ஊசித் துளை வழியே ரத்தம் கசியக் கூடாது, அதற்குத் தையல்மேல் சூடான காற்றால் டேப் ஒட்டும் இயந்திரம் வேண்டும். செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதிக்க வேண்டும். தொடக்கத்தில் அந்தச் சோதனை கோவையில் உள்ள சிட்ராவில், அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில்தான் நடந்தது. நாடெங்கிலுமிருந்து துணி மாதிரிகள் அங்கே வந்து குவிந்தன. பாதுகாப்பு உடைக்கு இறக்குமதியையே நம்பியிருந்த நாடு, மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் தைக்கும் நிலைக்கு வந்தது. சட்டம் இங்கே ஒரு கையால் தூக்கி மறு கையால் இழுத்தது. மார்ச் 13 அன்று முகக்கவசமும் கிருமிநாசினியும் அத்தியாவசியப் பொருளாயின. 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய், மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய் என்று விலை வரம்பு வந்தது. பதுக்கலைத் தடுக்க அது தேவைதான். ஏற்றுமதித் தடை மட்டும் மெதுவாக விலகியது. மருத்துவப் பயன்பாடு அல்லாத துணி முகக்கவசத்தை ஏற்றுமதி செய்ய மே 16 அன்றும், பாதுகாப்பு உடையை அளவு வரம்போடு அனுப்ப ஜூன் இறுதியிலும்தான் அனுமதி கிடைத்தது.

அலுவலக வேலைகளில் மாற்றம் சுலபமாக நடந்தது. பங்குதாரர் கூட்டங்களைக் காணொளியில் நடத்தக் கம்பெனி விவகார அமைச்சகம் ஏப்ரலிலும் மே 5 அன்றும் சுற்றறிக்கை விட்டது. ஊரடங்கு அறிவிப்புக்கு மறுநாளே தொலைமருத்துவ நெறிமுறை வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தடையாயிருந்த தொலைத்தொடர்பு விதிகளைத் தளர்த்தி, நவம்பரில் பெரும்பகுதியை நீக்கியே விட்டார்கள்.

நீதிமன்றமும் திரைக்குப் போனது. ஏப்ரல் 6 அன்று காணொளி விசாரணைக்கு நெறிமுறை, ஜூலையில் வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியே நோட்டீஸ் அனுப்ப அனுமதி. திருநெல்வேலி வழக்கறிஞர் பயணச்செலவின்றி டெல்லியில் வாதாட முடிந்தது பெரிய மாற்றம். நல்ல இணையமும் மடிக்கணினியும் இல்லாத இளம் வழக்கறிஞர்களுக்கோ வருமானமே நின்றுபோனது. இந்த வகையில் தொற்று கொண்டுவந்தவை நிலைத்துவிட்டன. மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது.

அவகாசத்துக்கும் எல்லை உண்டு என்பதை மதுரை மாவட்ட வழக்கு ஒன்று காட்டியது. குற்றப்பத்திரிகையை 60 அல்லது 90 நாளில் தாக்கல் செய்யாவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் உரிமை பிறக்கும். உச்ச நீதிமன்றமே எல்லாக் கெடுவையும் நீட்டிவிட்டதால் தங்களுக்கும் கூடுதல் நாள் உண்டு என்றது காவல்துறை. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி மறுத்தார், இன்னொருவர் ஏற்றார். 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம், வழக்காடுவோரின் வசதிக்காகப் போட்ட உத்தரவைக் கொண்டு தனிமனித விடுதலையைப் பறிக்க முடியாது என்று தீர்த்தது.

அதே ஜூன் 19 அன்றுதான் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும், அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, சில நாளில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நேரக் கட்டுப்பாட்டை மீறியவரைத் தண்டிப்பதைக் காவலரின் கைத்தடியிடம் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை நாடு பார்த்தது. ஊரடங்கு மீறல் வழக்குகள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் குவிந்தன. 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் பழனிசாமி, வன்முறை போன்றவை தவிர்த்து, சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தார். இத்தனை வழக்குகளைப் போட்டதால் தொற்று எவ்வளவு குறைந்தது என்று யாரும் கணக்குக் காட்டவில்லை.

1897-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2020-இல் ஒரு திருத்தம் வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஏழாண்டு வரை சிறை. அதன் பின் 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 286-ஆவது அறிக்கையில், அச்சட்டம் இக்காலத்துக்குப் போதாது, விரிவாகத் திருத்த வேண்டும் அல்லது புதுச்சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தனிமைப்படுத்தல், மத்திய மாநில அதிகாரப் பங்கீடு, தண்டனை ஆகியவற்றைச் சுற்றியே அதன் பேச்சு அமைந்திருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு 1872-இல் எழுதியபடியே இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் இப்போது தொற்று, ஊரடங்கு என்ற சொற்களைப் பெயர் சொல்லியே சேர்க்கிறார்கள். கான் மார்க்கெட் தீர்ப்பைப் படித்த வழக்கறிஞர்கள் வணிக வளாகக் குத்தகைகளில் வாடகைக் குறைப்புக்குத் தனிப் பிரிவு கேட்கிறார்கள். வாய்ப்பேச்சில் நடக்கும் கடைக்கும் பீஸ் ரேட் தையலுக்கும் அப்படி எழுதிச் சேர்க்க இடமில்லை. அவர்களுக்கான பிரிவை நாடாளுமன்றமோ சட்டப்பேரவையோதான் எழுத வேண்டும், அடுத்த தொற்று வருவதற்கு முன்பாக.